தப்பு இருந்தா சைன் கிடையாது

வாம்மா, வா. புதுசா வந்திருக்கிற லேப் மேடம் நீதான? முனீஸ்வரி பெருக்க வந்தப்பவே சொல்லிட்டா, "மங்கை மேடம், உங்களுக்குத் துணைக்கு ஆள் வந்தாச்சு"ன்னு. உக்காரு. ஐய, அந்தச் சேர் வேண்டாம், உக்காந்தா முதுகு பிடிச்சுக்கும். இதுல உக்காரு. பேர் என்ன சொன்னே? தங்கமாரியா? சாத்தூர்ப் பக்கமா? பேரைக் கேட்டதுமே நெனச்சேன். என் பேரு மங்கையர்க்கரசி. ஆனா இந்தக் காலேஜ்ல அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. ப்ரோக்ராம்ல ஒரு செமிகோலன் குறைஞ்சாலும் விட மாட்டேன்ல, அதனால செமிகோலன் மேடம்னு கேளு, வாட்ச்மேன்கூட கை நீட்டிக் காட்டுவான்.

துணைக்கு ஆளாம்ல, துணைக்கு! அவ என்னத்தக் கண்டா! நீ துணைக்கு வரலம்மா, எனக்குப் பதிலுக்கு வந்திருக்கே. அதை உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. நான் சொல்றேன். எதையும் மறைச்சு வெச்சுப் பேசி எனக்குப் பழக்கம் இல்ல.

மொதல்ல வேலையைச் சொல்லிடறேன். பிள்ளைங்க ப்ரோக்ராமைப் பேப்பர்ல எழுதிக்கிட்டு வரும். நீ வரி வரியாப் படிக்கணும். தப்பு இருந்தா சிவப்பு மையில வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு. தப்பு இல்லேன்னா கீழ சைன் போடு. உன் சைன் இருந்தாத்தான் அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர்ல கை வெக்கலாம், ரன் பண்ணலாம். நீயும் இப்படிப் படிச்சு வந்தவதானே, உனக்குத் தெரியாததில்ல. ஆனா மத்த காலேஜ்ல என்ன பண்ணுவாங்க? கண்ணை மூடிக்கிட்டு சைனைப் போட்டுத் தள்ளுவாங்க. இங்க அது நடக்காது.

ஏன் இந்த ரூல்னு பிரின்சிபாலைக் கேட்டா ஒழுக்கம்பாரு. ஒழுக்கமாவது ஒண்ணாவது! அந்தா, வரிசையா உறை போட்டு மூடி வெச்சிருக்குல்ல கம்ப்யூட்டரு, அதுல பாதிக்கு உயிர் கிடையாது. இருக்கிற மெஷினுக்கு பிள்ளைங்க வரிசையில நிக்கணும். சும்மா நின்னா கேள்வி கேக்கும். அதான் பேப்பரைக் கொடுத்து என்கிட்ட நிறுத்தி வெச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு, எனக்கு அது பிடிச்சுப் போச்சு. கம்ப்யூட்டர் ஓட்டிப் பாக்கிறதுக்கு முன்னாடி நான் ஓட்டிப் பாத்துருவேன், இங்க, தலைக்குள்ள. நான் சைன் போட்டு அனுப்பினது ஒண்ணாவது தப்பு காட்டி நின்னிருக்கான்னு யாரையாவது சொல்லச் சொல்லு பாப்போம். தப்புன்னு கண்ணுக்குத் தெரிஞ்சிட்டா என் கை சைன் போடாது. பிறவிக் குணம். கல்யாண வீட்டுக்குப் போனாக்கூட பத்திரிகைல எழுத்துப் பிழைதான் மொதல்ல கண்ணுல படும். அதைப் பொண்ணோட அம்மாகிட்டப் போய்ச் சொல்லிட்டுத்தான் பந்திக்கே போவேன். எங்க வீட்டுக்காரர் இப்பல்லாம் தனியாப் போய் மொய் எழுதிட்டு வந்துடறாரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நான் இங்க சேரும்போது ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "சும்மா சரிபாக்கத்தான்மா, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டெல்லாம் குடுங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்." பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, எல்லாத்தையும் குடுத்தேன். பத்துப் பன்னெண்டு வருஷமாச்சு. அந்தச் சாயங்காலம் இன்னும் வரல.

கேக்காம இருப்பேனா? கேட்டேன். கெஞ்சினேன், சண்டை போட்டேன். ஒரு தடவை எங்க வீட்டுக்காரர் நேர்ல வந்து கத்தினாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பி வெச்சுட்டாங்க. போலீசுக்குப் போன்னு சொல்றவங்க சொல்லுவாங்க. போயிட்டு, அப்புறம் ஃபைலைக் காணோம்னு கையை விரிச்சா என்ன பண்றது? எலி கத்தினா பூனைக்குத்தான் லாபம்.

எங்க வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூர்ல பம்ப்செட் கம்பெனில வேலை. மொதல்ல இங்கதான் இருந்தாரு, மாத்திட்டாங்க. மகளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு, அங்கதான் நல்ல ஸ்கூல். நான் இங்க ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல கிடக்கிறேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை பஸ்ஸு. என் மக நித்திலா பெரிய மனுஷி ஆன அன்னிக்கு நான் இங்க உக்காந்து எவனோ எழுதின லூப்பைத் திருத்திக்கிட்டு இருந்தேன்மா. பக்கத்து வீட்டு அம்மாதான் அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊத்தியிருக்கு.

இப்பத்தான் சாமி கண்ணைத் திறந்திருக்கு. கோயம்புத்தூர்லயே ஒரு கம்பெனில வேலை குடுத்திருக்காங்க. இதே வேலைதான். மத்தவங்க எழுதினதை ஓட்டுறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்து எங்க தப்புன்னு சொல்லணும். அதுக்குன்னே அங்க தனியா ஆள் வெக்கிறாங்களாம், மரியாதையான வேலையாம். திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லியிருக்காங்க. "ஒரிஜினலோட வாங்க மேடம், இல்லேன்னா வேற ஆளை எடுத்துருவோம்"னு கறாராச் சொல்லிட்டாங்க.

கரஸ்பாண்டென்ட்கிட்டப் போய் நின்னேன். "தாராளமாப் போங்க மேடம், யாரு தடுத்தா? இன்ஸ்பெக்‌ஷன் வர்ற நேரம், தலை குறையக் கூடாது. உங்க நாற்காலில ஒரு ஆளை உக்கார வெச்சிட்டு உங்க ஃபைலை வாங்கிட்டுப் போங்க" அப்படின்னுட்டாரு. எவ்வளவு நியாயமாப் பேசறாரு பாத்தியா?

நீதான் மொதல் ஆளுன்னு நெனச்சுக்காதே. உனக்கு முன்னாடியும் வந்தாங்க. போன மாசம் ஒரு பொண்ணு வந்தா, எம்சிஏ, நல்லாப் படிச்ச பொண்ணு. உன்னை மாதிரியே இந்தச் சேர்லதான் உக்காந்திருந்தா. ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டு இருந்தேன், பாத்ரூம் எங்கேன்னு கேட்டா. போனவதான். அப்புறம் சிவகங்கைக்காரப் பையன் ஒருத்தன். நான் பேசிக்கிட்டு இருக்கும்போதே அவங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லேன்னு போன் வந்துச்சு. போன் அடிச்ச சத்தம்கூட எனக்குக் கேக்கல, அவனுக்குக் கேட்டிருக்கு. என்னத்தச் சொல்ல! இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமையே கிடையாது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டு, "மேடம், உங்க வாய்தான் உங்களுக்கு எதிரி"ங்கிறாரு. எனக்கு என்ன வாய்? வர்ற பிள்ளைகிட்ட உள்ளதைச் சொல்றது ஒரு குத்தமா?

யாரு? கௌசியா? உள்ள வாம்மா. எழுதிட்டியா, குடு இங்க. தங்கமாரி, நீயும் எட்டிப் பாரு, நாளையிலேருந்து நீதானே பாக்கணும்.

ம்... ம்... செமிகோலன் எல்லாம் இருக்கு. பிராக்கெட் மூடியிருக்கு. இங்க பாரு கௌசி, இது என்ன? பத்து ஆனதும் லூப்பை விட்டு வெளிய வரணும்னு எழுதியிருக்கே, சரி. ஒவ்வொரு சுத்துலயும் ஒண்ணு கூட்டுறே, அதுவும் சரி. அடுத்த வரியில என்ன பண்ணியிருக்கே? மறுபடி அதையே பூஜ்யம் ஆக்கியிருக்கே! நீயே கூட்டி நீயே அழிச்சா எப்பம்மா பத்து வரும்? எப்ப வெளிய வரும்? சுத்திக்கிட்டே கிடக்கும், மெஷின் மண்டையைப் போட்டுரும். வெளிய போக வழி எழுதினவளும் நீதான், அந்த வழியை அடைக்கிறவளும் நீதான், அது உன் கண்ணுக்கே தெரியல பாரு. சிரிக்காதே. போய்த் திருத்திட்டு வா. சைன் கிடையாது.

பாத்தியா? எழுதினவங்களுக்குத் தன் தப்பு தெரியாதும்மா. அதுக்குத்தான் என்னை மாதிரி இன்னொரு கண்ணு வேணுங்கிறது.

எங்க விட்டேன்? ஆங். இன்னிக்கு நீ சேந்துட்டா சாயங்காலம் என் ஃபைல் என் கைக்கு வந்துரும், காலைல கோயம்புத்தூர் பஸ்ஸு. அதனால நீ ஒண்ணுக்கும் பயப்படாம உக்காரு. பயப்படறதுக்கு இங்க என்ன இருக்கு? சம்பளம் சில மாசம் வராது, அப்புறம் வந்துரும். சனிக்கிழமை லீவு கிடையாது. மே மாசம் வெயில்ல ஊர் ஊராப் போய் பன்னெண்டாவது முடிச்ச பிள்ளைங்க வீட்டுக் கதவைத் தட்டி, எங்க காலேஜ்ல சேருங்கன்னு ஆள் பிடிக்கணும். பிடிச்சுக் குடுக்கலேன்னா கரஸ்பாண்டென்ட் எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு ஏசுவாரு. ஹாஸ்டல் சாம்பார்ல பருப்பைத் தேடிப் பிடிக்கணும். இதெல்லாம் எல்லா ஊர்லயும் உள்ளதுதான், எனக்குப் பழகிப் போச்சு, உனக்கும் பழகிரும்.

என்ன, முகம் இப்படிக் கறுத்துப் போச்சு? தண்ணி குடிக்கிறியா?

என்னது, ஆவணில கல்யாணமா? அட, சொல்லவே இல்லையே! சந்தோஷம்மா. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு? ஓசூர்ல வேலையா?

ஓசூரா... கல்யாணத்துக்கு அப்புறம் நீ எங்க இருப்பே? ஓசூருக்குப் போயிருவேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டியா? அதுக்கு என்ன சொன்னாங்க? "அதுக்கென்னம்மா, அப்பப் பாத்துக்கலாம்"னாரா? யாரு, பால்ச்சாமியா? வழுக்கைத் தலை, காதுல பேனா செருகியிருப்பாரே, அவரா? அப்பப் பாத்துக்கலாம்! இதே வார்த்தையைத்தான்மா என்கிட்டயும் சொன்னாரு. அன்னிக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு அந்த மனுஷனுக்கு.

நல்லாக் கேட்டுக்கோ. நான் எனக்காகச் சொல்லல. எனக்கு நீ இங்க உக்காந்தாத்தான் நல்லது, புரியுதா? அப்படி இருந்தும் சொல்றேன். ஆவணி வரும், கல்யாணம் நடக்கும். நீ போய் ஃபைலைக் கேப்பே. பதிலுக்கு ஆள் கொண்டாம்பாங்க. அவரு ஓசூர்ல ஓட்டல்ல சாப்பிடுவாரு, நீ இங்க ஹாஸ்டல்ல சாப்பிடுவே. பிள்ளை பிறந்தா எந்தப் பக்கம் வளரும்னு ரெண்டு வீட்டுக்கும் சண்டை வரும். யோசிச்சுக்கோ. ஒரிஜினலைக் குடுக்கிறதுக்கு முன்னாடி நல்லா யோசிச்சுக்...

ஆமா, உன் ஃபைல் எங்க? வந்ததுலேருந்து பாக்கிறேன், கையில ஒரு பைகூட இல்ல.

குடுத்துட்டியா?

எப்ப? இங்க வர்றதுக்கு முன்னாடியேவா? எல்லாத்தையுமா? சாயங்காலம் வாங்கிக்கலாம்னு சொன்னாரா?

ம்.

அப்ப சரி. முடிஞ்சு போச்சு. நான் வாங்கல பாத்துக்கோ. நீயாக் குடுத்தே, அவரா வாங்கினாரு, இதுல எனக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது. மத்தியானம் கரஸ்பாண்டென்ட் வீட்டம்மா வருவாங்க. ஃபைலெல்லாம் பூட்டி வெக்கிற பீரோ சாவி அவங்க இடுப்புலதான் இருக்கும். உன்னுது உள்ள போகும், என்னுது வெளிய வரும். அவ்வளவுதான். கோயம்புத்தூர்ல நித்திலாகிட்டப் போன்ல சொல்லிட்டேன், அம்மா வந்துடறேன்னு. "நிஜமாவாம்மா, இனிமே டெய்லி இருப்பியா"ன்னு கேட்டுச்சு. தோளுக்கு மேல வளந்த பிள்ளை, சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டுச்சு. நான் என்ன பண்ண முடியும் சொல்லு? எனக்கும் ஒரு வாழ்க்கை இருக்குல்ல?

ஏய், நீ எதுக்கு இப்ப அழறே? அழாதே. அழறவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். நான் இங்க அழுதப்ப எனக்கு யாரும் வந்து சொல்லல. ஒருத்தர், ஒரே ஒருத்தர், "மங்கை, குடுக்காதே"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... கண்ணைத் துடை. பிள்ளைங்க பாக்குதுங்க.

ஐயோ, கடவுளே.

சரி, சொல்லு. உன் சர்ட்டிபிகேட்ல எல்லாம் உன் பேர் ஒண்ணு போலத்தான இருக்கு? எழுத்து எதுவும் முன்னப் பின்ன மாறியிருக்கா? இல்லையா? இனிஷியல்? எல்லாத்துலயும் எம்தானா? பத்தாவதுல? டிகிரில? ஒரு இடத்துலகூட மாறலையா? அட பாவி மகளே, ஊர்ல உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் ஒண்ணுல அப்பா பேரு, ஒண்ணுல தாத்தா பேருன்னு இனிஷியல் இழுபறியாக் கிடக்கும். இன்னிக்குன்னு பாத்து உன்னுதுல ஒரு தப்புகூட இருக்கக் கூடாதா?

பேசாம இரு. அந்த இன்டர்காமை இங்கிட்டு நகத்து. மூச்சு விடாதே.

ஹலோ, ஆபீஸா? பால்ச்சாமி சார், மங்கை பேசறேன், லேப்லேருந்து. ஆமா, வந்துட்டா, இங்கதான் உக்காந்திருக்கா. நல்ல பொண்ணு. இல்ல சார், நான் ஒண்ணும் பேசல, வேலையைத்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். அது இருக்கட்டும், அவ ஃபைலை பீரோவுல வெச்சுட்டீங்களா? சாவி வெச்சிருக்கிற அம்மா இன்னும் வரலையா? நல்லதாப் போச்சு. அந்தப் பொண்ணு போன்ல சர்ட்டிபிகேட்டைப் போட்டோ எடுத்து வெச்சிருக்கு, இப்பத்தான் பாத்தேன். இனிஷியல் தப்பா இருக்கு சார். பத்தாவதுல எம். டிகிரில என். ஆமா, என். ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரித்தான் இருக்கும், ஒரு கோடுதான வித்தியாசம். எடுத்துப் பாக்கிறீங்களா, பாருங்க. கண்ணாடி இருக்கா? உடைஞ்சு போச்சுன்னு நேத்துச் சொன்னீங்களே? அப்பக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? சார், நான் பாத்துத் தப்புன்னு சொல்லி அது தப்பு இல்லாம இருந்திருக்கா இத்தனை வருஷத்துல? ம், அப்படிச் சொல்லுங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல எவனாவது இதைப் பிடிச்சான்னா, யாரு வாங்கி வெச்சதுன்னு உங்களைத்தான் நிறுத்திக் கேப்பாங்க. பென்ஷன் வாங்கப் போற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு? யூனிவர்சிட்டில குடுத்துத் திருத்திட்டு வரட்டும். அனுப்பி வைக்கிறேன், கையில குடுத்துருங்க. என்னோடதா? அதான் ஆள் சேரலையே சார். என்னோடது எங்க போகப் போகுது.

வெச்சுட்டேன்.

என்ன முழிக்கிறே? உன் இனிஷியல் சரியாத்தான் இருக்கு, எனக்குத் தெரியும். சரியா இருக்கிறதைத் தப்புன்னு நான் சொன்னது என் ஆயுசுக்கும் இதுதான் மொதல் தடவை. இப்பப் போய்ப் படுத்தா எழுந்திருக்க மாட்டேன்.

காலைத் தொடாதே, எந்திரி. எனக்கு இதெல்லாம் பிடிக்காது. நன்றியும் கின்றியும் ஒண்ணும் வேண்டாம். திங்கக்கிழமையா? அதைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? நாளைக்குச் சனிக்கிழமை ஒரு நாள் முழுசா இருக்கு. தேவகோட்டைலேருந்து ஒரு பையன் வர்றானாம், பால்ச்சாமி சொல்லியிருக்காரு. அவனை உக்கார வெச்சு நிதானமா ரெண்டு வார்த்தை பேசினா இருந்துட்டுப் போறான்.

நித்திலாகிட்ட... சொல்லிக்கலாம். ஏதாவது சொல்லிக்கலாம்.

நீ நேரா ஆபீஸுக்குப் போ. அம்மா கார் வர்றதுக்குள்ள போ. ஃபைலை வாங்கினதும் அங்கயே பிரிச்சு, பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி, எல்லாம் இருக்கான்னு பாத்துக்கோ. போறேன்னு மட்டும் வாயிலேருந்து வரக் கூடாது. போறேன்னு சொன்னா பால்ச்சாமிக்குச் சந்தேகம் வந்துரும். "திருத்திட்டு வர்றேன் சார்"னு சிரிச்ச முகமாச் சொல்லு. கேட்டுல வாட்ச்மேன் கேட்டாலும் போயிட்டு வர்றேன்னே சொல்லு. எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லிட்டுக் கிளம்பு, காதுக்கு நல்லா இருக்கும்.

ஆனா வந்துறாதே தாயி.